மதியம் வா

"மூட்டுவாதத்தைக் கண்டுபிடிக்கிறது டாக்டர் வேலை. பிசியோதெரபிஸ்டுக்கு எதுக்கும்மா உயர்பயிற்சி?" என்றார் தலைமை மருத்துவர். "மதியம் வா, கையெழுத்துப் போடுறேன்."

"மூணு நாளா இதையேதான் சொல்றீங்க சார். மதியம் நோயாளிகளை விட்டுட்டு எப்படி வருவேன்? விண்ணப்பிக்க இன்னைக்குக் கடைசி நாள். கையெழுத்து வாங்காம போகமாட்டேன்."

"திமிரா?"

"ஆமா சார்."

அலைக்கழிக்கிறார் என்றே மூன்று நாளும் உள்ளுக்குள் குமைந்திருந்தாள்.

அவர் விண்ணப்பத்தை வெடுக்கென்று இழுத்தார். பேனா மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றினார். மடங்காத விரல்களிலிருந்து பேனா நழுவி விழுந்தது.

அவள் குரல் தணிந்தது. "காலையில இந்த விறைப்பு விட எவ்வளவு நேரமாகுது சார்?"

அவர் கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டு சொன்னார். "மதியமாயிடுதும்மா. யாருக்கும் தெரியாது."

நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கையை நீட்டுங்க. யார் வேலைன்னு அப்புறம் பேசிக்கலாம்."