தும்பை சொன்ன சாட்சி

ஏரிக்கரை வாகைமரத்தின் மேல்கிளைகளில் கொக்குகளும் கீழ்க்கிளைகளில் காகங்களும் குடியிருந்தன. முட்டை திருடினால் மரணம் என்பது அந்த மரத்துச் சட்டம். அது தொடரலாமா என்று ஒருநாள் கூட்டம் போட்டுக் கேட்டார்கள். கொக்குகள் எல்லாம் சிறகைத் தூக்கின. காகங்களில் ஒன்றுகூடத் தூக்கவில்லை.

தும்பை என்ற கொக்குக்கு இது விளங்கவில்லை. தன் கூட்டுக்கு நேர் கீழே குடியிருந்த அஞ்சனம் என்ற காகத்திடம், "உன் கூட்டிலும் முட்டை இருக்கிறதே, திருடனுக்கு ஏன் இரக்கப்படுகிறாய்?" என்று கேட்டாள்.

"திருடனுக்காக இல்லை, அக்கா. முட்டையைக் காணோம் என்றதும் எல்லாரும் குனிந்து எங்களைத்தானே பார்க்கிறீர்கள்?"

"வீணாகப் பயப்படுகிறாய்" என்று தும்பை சிரித்தாள். கொக்குகளே அதிகம் என்பதால் சட்டம் நிலைத்தது.

சில நாளில் தும்பையின் முட்டை ஒன்று காணாமல் போனது. அந்தி மங்கலில் கறுப்பாக ஏதோ இறங்கியதைப் பார்த்திருந்தாள். "காகம்தான்!" என்று கத்தினாள். அப்போது இரையோடு கூட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவன் அஞ்சனத்தின் கணவன். அவன் சொன்னது எதுவும் எடுபடவில்லை. கொக்குகள் கூடி அவனைக் கொத்தியே கொன்றுவிட்டன.

மறுநாள் அந்தியில் மீண்டும் ஏதோ கறுப்பாக ஊர்ந்து வந்தது. இம்முறை தும்பை கிட்டத்தில் பார்த்தாள். அது உடும்பு. அதை விரட்டிவிட்டுக் கீழ்க்கிளைக்கு இறங்கினாள்.

"அஞ்சனம், அது உடும்பு" என்றாள்.

அஞ்சனம் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "மிச்ச முட்டை பத்திரமா, அக்கா?" என்று கேட்டாள்.

"பத்திரம்."

"அப்படியானால் போய் அதன்மேல் உட்காருங்கள். சூடு ஆறிவிடும்."

அந்தக் கிளையை விட்டு நகரத் தும்பைக்குக் கால் வரவில்லை.