ஹூட்ஃபெல்ட் வம்சம்

"ஸ்வீடன் முழுக்கத் தேடினாலும் முப்பத்தொரு பேர்தான்" என்றார் ரகுநாதன். தியாகலிங்கம் அப்போதுதான் வாசலில் குனிந்து பனிச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

எதைப் பற்றி என்று தியாகலிங்கம் கேட்கவில்லை. முருகன் கோயிலில் எல்லோரும் கேட்டுச் சலித்த செய்தி அது. ரகுநாதனின் மகள் அம்ருதாவைக் கட்டப்போகும் யோஹானின் குடும்பப் பெயர் ஹூட்ஃபெல்ட். அந்தப் பெயர் உள்ளவர்கள் இன்றைக்கு அவ்வளவு பேர்தானாம்.

"அங்க எந்தப் பேர் எத்தனை பேருக்கு இருக்குன்னு கவர்மென்ட்டே நெட்ல போட்டுடறான். ஆண்டர்சன்னு அடிச்சா லட்சக்கணக்குல கொட்டுது. இது முப்பத்தொண்ணு. ஃபெல்ட்னா நிலம், சார். ஜமீன் வம்சமாத்தான் இருக்கணும்."

ஹூட் என்றால் என்னவென்று அவர் பார்க்கவில்லை. ஜமீனுக்குப் பாதிப் பெயரே போதுமாக இருந்தது.

ரகுநாதன் விமானக் கம்பெனியில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாண்ட்ரியல் புறநகர் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இரட்டை கராஜ் வைத்த வீடு. தான் சாதி பார்ப்பதில்லை என்று யார் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். விசாரிப்பார், அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன்பு அம்ருதாவும் தியாகலிங்கத்தின் மகன் விதுர்சனும் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார்கள். அப்போதும் விசாரித்தார். ஆளைப் பிடித்து, அந்த ஆளுக்கு ஆளைப் பிடித்து, யாழ்ப்பாணம் வரை விசாரித்தார். வந்த பதிலை யாரிடமும் சொல்லவில்லை. சரிப்பட்டு வராது என்று மட்டும் சொன்னார். விதுர்சன் டொரன்டோவுக்கு வேலை மாற்றிக்கொண்டு போனான். அம்ருதா கோட்-டெ-நெய்ஜில் தனி அபார்ட்மென்ட் பார்த்துக்கொண்டு, வெகுநாள் இந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

இன்றைய விருந்துக்குத் தியாகலிங்கத்தை அவரே வலிய அழைத்திருந்தார். பழசையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று கோயில் மண்டபத்தில் நாலு பேர் முன்னால் தோளில் கைபோட்டுச் சொன்னார். மறுக்க வழியில்லாமல் தியாகலிங்கம் வந்துவிட்டார்.

மேசையில் அம்ருதாவும் யோஹானும், ஸ்வீடனிலிருந்து வந்திருந்த அவன் அத்தை இங்கெரும் உட்கார்ந்திருந்தார்கள். இங்கெர் சரித்திர ஆசிரியை. சொந்தக் குடும்பத்தின் கதையைத் தேடித் தோண்டி எடுத்து வைத்திருப்பவர். கண்ணில் நீர் வழிய ரசத்தைக் குடித்துவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.

ரகுநாதனுக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. உங்கள் பெயர் ஏன் இவ்வளவு அபூர்வம் என்று நம் நண்பருக்குச் சொல்லுங்கள் என்று இங்கெரை ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டார். தியாகலிங்கம் மாண்ட்ரியலுக்கு வந்த நாள் முதல் பிரெஞ்சிலேயே வேலை பார்த்தவர். ஸ்வீடன்காரியின் ஆங்கிலம் அவருக்குப் பிடிபடாது. அதனால் மொழிபெயர்க்கும் பொறுப்பை ரகுநாதன் தானே எடுத்துக்கொண்டார்.

இங்கெர் சந்தோஷமாகத் தொடங்கினார். நகர சபை அவருடைய முன்னோருக்கு ஒரு வேலை கொடுத்தது, அப்பனுக்குப் பின் மகன் என்று அது தொடர்ந்தது, ஊரில் வேறு யாரும் அதில் கை வைக்கவில்லை என்றார்.

"பரம்பரை உத்தியோகம்" என்றார் ரகுநாதன் தமிழில். "வேற யாருக்கும் அந்த உரிமை கிடையாது."

"ஓம்" என்று தியாகலிங்கம் வடையைப் பிட்டார்.

வீடு ஊருக்கு வெளியே தனியாக இருந்தது, கூடவே ஒரு நிலம், அதை வைத்துத்தான் இந்தப் பெயர் வந்தது, ஊர்க்காரர்கள் அந்தப் பக்கமே நடக்க மாட்டார்கள் என்றார் இங்கெர்.

"தனி எஸ்டேட். கண்டவனும் உள்ள நுழைய முடியாது."

தேவாலயத்தில் அவர்களுக்கென்று ஒரு பெஞ்சு, மற்றவர்கள் அதில் உட்கார மாட்டார்கள் என்றும் சொன்னார்.

"தனி ஆசனம். நம்ம கோயில்ல முதல் மரியாதை குடுக்கற மாதிரின்னு வெச்சுக்கோங்க."

முந்நூறு வருடமாகத் தங்களுக்குள்ளேதான் கல்யாணம், மிஞ்சிப் போனால் அடுத்த ஊரில் அதே வேலை பார்க்கும் குடும்பத்தில் என்று இங்கெர் சொன்னபோது ரகுநாதனுக்குக் குரல் தழுதழுத்தது.

"கலப்பே இல்லை சார். முந்நூறு வருஷம். இந்தக் காலத்துல இப்படி ஒரு குடும்பம் எங்க கிடைக்கும்?"

அம்ருதா தயிர் சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவரிடம் சொல்ல வேண்டும் என்று அவள் முன்பே இரண்டு தடவை முயன்றிருந்தாள். எத்தனை பேர் என்று கேட்டாரே தவிர, ஏன் என்று அவர் கேட்கவே இல்லை.

தியாகலிங்கம் மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டார். "ஏன் ஐயா, வெளியில ஒருத்தரிட்டையும் பொம்பிளை எடுக்கேல்லையாம்?"

ரகுநாதன் பெருமையாக அதை ஆங்கிலத்தில் கேட்டார். இங்கெர் வாய்விட்டுச் சிரித்தார். என்றோ முடிந்துபோன விஷயத்துக்குச் சிரிக்கிற சிரிப்பு. ரகுநாதனைப் பார்த்து நிதானமாக ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

மொழிபெயர்க்கத் திறந்த வாயை ரகுநாதன் மூடிக்கொண்டார். தண்ணீர் டம்ளரை எடுத்தார். காலி டம்ளர். அதையும் குடித்தார்.

"என்னவாம்?" என்றார் தியாகலிங்கம்.

"அது... அந்தக் காலத்து வழக்கமாம். நீங்க அவியல் போட்டுக்கோங்க."

"அதில்லை, அங்கிள்" என்றாள் அம்ருதா. "ஹூட்னா தோல். செத்த மாட்டைத் தோலுரிக்கிறவங்களுக்கு யார் பொண்ணு குடுப்பாங்கன்னு கேக்கறாங்க."