கஸ்பார் வீட்டுச் செய்தி

கடலுக்கு இந்தக் கரை ரேடியோவும் சரி, அந்தக் கரை ரேடியோவும் சரி, செய்தி முடிந்ததும் கேட்டவரிடம் கருத்துக் கேட்கும்; அடுத்த முறை அந்த வீட்டுக்கு அவர் விருப்பப்படியே செய்தி சொல்லும். கஸ்பார் கிழவர் இரண்டுக்கும் ஒன்றையேதான் சொல்லி வந்தார்.

"எல்லை தாண்டுனான், புடிச்சிட்டுப் போனான்னு விடியக்காலையில ஒப்பாரி வைக்காத. நல்லதச் சொல்லு."

இரண்டும் கேட்டுக்கொண்டன. அதிலிருந்து அவர் வீட்டு ரேடியோவில் ஒரு படகும் பிடிபடவில்லை.

அன்று காலை பக்கத்து வீட்டு இன்னாசி வாசலில் வந்து நின்றான்.

"பெரியப்பா, ஒங்க மகன் டெனிஸ்டனப் படகோட புடிச்சிட்டாங்களாம். எங்க ரேடியோ பேரோட சொல்லுச்சு. படகு ஒங்க பேருல இருக்கு. பன்னெண்டு மணிக்குள்ள நீங்க மீன்துறை ஆபீசுக்குப் போயி மனுவுல கையெழுத்துப் போட்டாத்தான் அவன விடுவாங்க."

"ஒன் ரேடியோ சொல்லும்டா. அடுத்தவன் கெட்டாத்தான ஒனக்குக் காது குளிருது. அது ஒன் ரேடியோவுக்குத் தெரியாதா?"

"ஒங்க ரேடியோ மட்டும் யோக்கியமா?"

"படகு நெறைய மீனோட வருதுன்னு இப்பத்தான் சொல்லுச்சு. நீ போ."

இன்னாசி தலையில் அடித்துக்கொண்டு போனான். மருமகள் ரெக்ஸி அடுப்படியிலிருந்து வந்தாள்.

"எதுக்கும் ஒரு எட்டு போயிக் கையெழுத்துப் போட்டுட்டு வாங்க, மாமா."

"போட்டா, புடிபட்டது நெசம்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும். ஒலைய வையி."

பன்னிரண்டு மணிக்குச் சோறு வெந்து இறங்கியது. ரெக்ஸி இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். கிழவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மூன்றாவது தட்டைத் தானே போய் எடுத்துவந்தார்.