கரண்ட் நின்ற நேரம்

ஏணியின் உச்சிப்படியில் நின்றிருந்த வயரிங்காரப் பெண், சுவரில் ஒயர்கள் சேரும் பெட்டிக்குள் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"மெயினை அணைக்காம தொட மாட்டேன், சூப்பர்வைசர். சங்கத்துல எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த மாடியின் கோடிவரை கேட்டுவிட்டது.

ஏணியடியில் நின்ற சூப்பர்வைசர் கையிலிருந்த போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கீழ்த்தளங்களில் கடைகள் திறந்தாகிவிட்டன, கூட்டம் அலைமோதுகிறது, ஒரு நிமிஷம்கூட கரண்ட் போகக்கூடாது, ஓடுகிற லைனிலேயே இணைப்பைக் கொடுக்கச் சொல் என்று என்ஜினியர் போனில் கறாராகச் சொல்லியிருந்தார். அதைத்தான் சூப்பர்வைசர் அப்படியே அவளிடம் ஒப்பித்திருந்தார். ஒப்பிக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. ஏணிக்காலைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

மறுபடி சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் பக்கத்து அறையில் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்த மெஷின் நின்றது. அதற்கடுத்த அறையில் சுத்தியல் நின்றது. குழாய்க்குள் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார்கள். கோஷமில்லை, கூச்சலில்லை. ஒருவன் தலைத்துண்டை அவிழ்த்து உதறினான். ஒருவன் நிதானமாகத் தண்ணீர் குடித்தான்.

ஒரு கட்டடம் இப்படி அடங்கிப்போய் அவர் பார்த்ததே இல்லை.

ஜன்னல் வைக்காத திறப்பு வழியே வந்த வெயிலில் சிமெண்ட் தூசி மிதந்துகொண்டிருந்தது. தண்ணீருக்கடியில் நிற்பதுபோல் இருந்தது அவருக்கு.

அவர் ஏணி ஏறிய காலத்தில் சங்கம் கிடையாது. மாட்டேன் என்றவனை மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் யாரும் சொன்னதில்லை. கூட்டாளி ஷாக்கடித்து விழுந்த அன்றுகூட, தூக்கிக்கொண்டு போன கையோடு வேலை தொடர்ந்தது. மிச்ச இணைப்பை இவர்தான் கொடுத்து முடித்தார்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஒருத்தி மாட்டேனென்றால் வேறு ஆளை ஏற்றலாம், இங்கே மொத்தப் பேருமே உட்கார்ந்துவிட்டார்கள், நான் என்ன செய்யட்டும் என்று என்ஜினியரிடம் அலுத்துக்கொண்டார். அலுத்துக்கொள்வது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

அணைத்துத் தொலை என்று அந்தப் பக்கமிருந்து வந்தது.

ஒரு மாடி இறங்கி, பேனல் அறைக்குள் போய் மெயினின் கைப்பிடியைக் கீழே இழுத்தார்.

கடைகளில் ஓடிய பாட்டு பாதியில் அறுந்தது. நகரும் படிக்கட்டு நின்றது. எங்கோ ஒரு குழந்தை இருட்டைக் கண்டு சிரித்தது. வேறு யாரும் வந்து போட்டுவிடக்கூடாதென்று கதவை இழுத்துப் பூட்டி, அதில் முதுகைச் சாய்த்து நின்றார்.

மங்கிய படிக்கட்டின் மேலிருந்து அவள் குரல் மெல்ல இறங்கி வந்தது.

"அப்பா... அணைச்சாச்சா?"

வேலையிடத்தில் ஒருநாளும் அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. வீட்டில் கூப்பிட்டாலும் அவர் பதில் சொல்வதில்லை. சொல்லச் சொல்லக் கேட்காமல் சங்கத்தில் சேர்ந்துவிட்டாளே என்ற கோபத்தில், மகளோடு அவர் பேச்சை நிறுத்தி ஒரு மாசத்துக்கு மேலாகிறது.

"அணைச்சாச்சும்மா," என்றார்.

"இருந்தாலும் என் பேச்சை நம்பாத. டெஸ்டர் வச்சுப் பாத்துட்டுத் தொடு."