இடதுகைத் துப்பாக்கி

அன்று சரளைக் குழியில் இருந்தவர்கள் மூவர்: வைனோ கோர்பெலா, அவர் மகள் ஹில்யா, மாப்பிள்ளை டேரல். ஹில்யாவின் வயிற்றில் எட்டு மாதமாக இருந்ததையும் எண்ணினால் நால்வர். தாங்களும் கூட இருந்ததாகப் பிறகு சொல்லிக்கொண்டவர்கள் எவரும் அங்கே இல்லை.

மறுநாள் விடிந்தால் மான் வேட்டைப் பருவம். கையில் இருந்தவை ஆறு தோட்டாக்கள்.

மர ஆலை ஆகஸ்டில் மூடியதிலிருந்து வீட்டு ஃப்ரீசரில் பனிக்கட்டியைத் தவிர ஒன்றும் இல்லை. தேவாலயத்திலிருந்து வந்த உணவுப் பெட்டியை வைனோ ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் பார்க்க, தேவாலயப் படியிலேயே திருப்பி வைத்துவிட்டு வந்திருந்தார். கோர்பெலா வீட்டில் எவரும் கை நீட்டி வாங்கிச் சாப்பிட்டதில்லை.

இனி மான் விழ வேண்டும். இல்லாவிட்டால் அதே படியேறி, அதே பெட்டியைக் கேட்டு வாங்க வேண்டும்.

அவருடைய நல்ல துப்பாக்கியை செப்டம்பரில் விற்றுக் குளிர்காலத்துக்கு விறகு வாங்கியாயிற்று. இப்போது மணல் மூட்டையின் மேல் கிடந்தது, கடையில் இரண்டு வருடம் விலைபோகாமல் நின்ற ஒன்று. தோட்டாவை உள்ளே தள்ளும் தாழ் அதற்கு இடப்பக்கம். இடது தோளில் வைத்து இடது கண்ணால் குறிபார்க்கும் இடதுகைக்காரர்களுக்காகச் செய்தது.

வைனோ இடதுகைக்காரர் அல்ல.

“பக்கத்துலயே வலதுகைத் துப்பாக்கி நின்னுச்சு. முப்பது டாலர்தான் கூட. அதை நான் போடறேன்னு சொன்னேனே மாமா,” என்றான் டேரல், மூன்றாம் முறையாக. டெட்ராய்ட் பக்கம், பெரிய பாலத்துக்குத் தெற்கே பிறந்தவன். அன்றுவரை துப்பாக்கியைத் தொட்டதே இல்லை.

“பாலத்துக்குக் கீழேருந்து வந்தவங்க இதுல வாயக் குடுக்க வேண்டாம் மாப்ள. மூட்டையப் புடிங்க.”

மூட்டை என்பது டேரலின் ஆலைக் காற்சட்டையின் ஒரு கால். இரு முனையும் கட்டி மணல் நிரப்பியது.

குறி சரிபார்ப்பதில் தோட்டாவை மிச்சப்படுத்த ஒரு வழி உண்டு. வைனோ தாழை உருவி எடுத்துவிட்டு வெறும் குழலுக்குள் பார்த்தார். ஐம்பது தப்படி தள்ளிப் பலகையில் ஆணியடித்திருந்த வெள்ளை மூடி, துளைக்கு நடுவில் வரும்வரை துப்பாக்கியை நகர்த்தினார். டேரல் அதை அசையாமல் பிடித்துக்கொள்ள, மேலே பொருத்திய பழைய ஸ்கோப்பின், அந்தக் குறிநோக்கியின், சிலுவைக்கோடும் அதே மூடியில் விழும்வரை திருகினார். ஸ்கோப்பைப் பிடித்திருந்த திருகாணிகள் தளராமல் இருக்க, ஹில்யாவின் சிவப்பு நகப்பூச்சு ஒவ்வொரு சொட்டு.

மூன்று இங்கே. மூன்று காட்டுக்கு.

முதல் தோட்டா பலகையைத் தொடவே இல்லை.

இரண்டாவது மேட்டு மண்ணைக் கிளப்பியது.

நகப்பூச்சில் கீறல்கூட இல்லை. மறுபடி தாழை உருவிப் பார்த்தார். குழலும் மூடியைக் காட்டியது, சிலுவையும் மூடியைக் காட்டியது. துப்பாக்கி பொய் சொல்லவில்லை.

பனி தூறத் தொடங்கியது. வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் நிற்கும்.

மூன்றாவதற்குத் துப்பாக்கிக் கட்டையை வலது தோளில் வைத்தார். எடுத்தார். இடது தோளுக்கு மாற்றினார். சுட்டார்.

மண்.

“சத்தத்துக்குக் கண்ணை மூடிக்கறீங்க மாமா,” என்றான் டேரல், இடப்பக்கம் குந்தியிருந்தபடி. சிரிக்காமல் இருக்கத்தான் பார்த்தான்.

வைனோ தாழை இழுத்து வெற்றுக்கூட்டை வெளியே தள்ளினார். தேவாலயத்துக்குப் படிகள் ஏழு.

வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஹில்யா இறங்கினாள். வயிற்றைப் பிடித்தபடி சுற்றி வந்து, அப்பாவின் வலப்பக்கம் மண்டியிட்டாள். கையுறையால் அவர் கன்னத்துப் பனியைத் துடைத்தாள். விரல் அவர் இமையருகே போய் நின்றது. அந்தக் கண் சிமிட்டவில்லை.

விரலை அந்தக் கண்ணுக்கு முன்னால் ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள்.

“அப்பா,” என்றாள், டேரலுக்குக் கேட்காதபடி. “எதையும் மூடாதீங்க. ரெண்டையும் திறந்தே வச்சுச் சுடுங்க.”

“யார்கிட்டயும்...”

“மாட்டேன். சுடுங்க.”

அவள் வண்டிக்குப் போய்க் கதவைச் சாத்தும்வரை காத்திருந்தார். பிறகு காட்டுக்கென்று வைத்திருந்ததில் ஒன்றை எடுத்தார்.

நான்காவது தோட்டா மூடியைத் துளைத்தது. நடுவில் அல்ல, ஒரு விரல் அகலம் விலகி. மானுக்கு அது போதும்.

மறுநாள் ஒரு தோட்டாதான் செலவானது. கடைசி ஒன்று இன்னும் அந்த வீட்டு அலமாரியில் இருக்கிறது.

சனிக்கிழமை நீராவிக் குளியலில் டேரல் வேடிக்கையாகச் சொன்னது ஊரெல்லாம் சுற்றியது: முப்பது டாலரை மிச்சம் பிடிக்க வைனோ கோர்பெலா இடதுகைத் துப்பாக்கி வாங்கினார், வெடிச் சத்தத்துக்குப் பயந்து கண்ணை மூடினார்.

அவர் இருந்தவரை வீட்டார் அதைத் திருத்தவில்லை. இனித் திருத்தலாம்.

முப்பது டாலருக்காக அல்ல. பயத்தாலும் அல்ல. சுடும்போது இடது கண்ணை மூடுவது அவருக்கு அறுபது வருடப் பழக்கம்.

வலது கண்ணில் பார்வை போனது அந்த வருடம் ஏப்ரலில்.