ரேலின் காட்டாத பாஸ்போர்ட்

கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்திருந்தாள் ரேலின். உள்ளே பாஸ்போர்ட் இருந்தது. பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் அது துள்ளி மேஜைமேல் ஏறி, எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பதுபோல் இருந்தது அந்தப் பிடி.

ஆஸ்திரேலியாவின் ஜீலாங்கில், கோரலின் சமையலறை. மேஜை நிறைய ஐரோப்பா வரைபடம், அதன்மேல் தேநீர்க் கோப்பைகள், போலந்து முழுக்க பிஸ்கட் தூள். ஆம்ஸ்டர்டாமில் ரயில் ஏறி பெர்லின், பிராக், வியன்னா என்று இறங்கி ஏறி வெனிஸ் வரை போவதாகத் திட்டம். தோழிகள் மூவரும் இதற்குச் செலவழித்த ஏழு மாதத்தில் இன்னொரு ஐரோப்பாவையே கட்டி முடித்திருக்கலாம்.

எல்லா நாட்டுக்கும் சேர்த்து ஒரே ரயில் பாஸ். அறுபது வயது தாண்டியவர்களுக்குச் சலுகை உண்டு. அன்று மாலை ஐந்து மணியோடு விற்பனை முடிகிறது. பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்த தேதியைக் கொடுத்தால்தான் வாங்க முடியும். க்ளெனிஸும் கோரலும் கொடுத்தாயிற்று. ரேலின் ஆறு வாரமாக இழுத்தடிக்கிறாள்.

முதல் வாரம் பாஸ்போர்ட் இழுப்பறையில் இருந்தது. இரண்டாம் வாரம் இழுப்பறை சிக்கிக்கொண்டது. நான்காம் வாரம் அப்படியொரு இழுப்பறையே அந்த வீட்டில் இல்லை.

ரேலின் வராவிட்டால் பயணமே கிடையாது. கோரல் இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனவள். ரயிலில் அவள் பெட்டியைத் தூக்கி ஏற்றுவதாக ஒப்புக்கொண்டவள் ரேலின்தான். கோரல் இல்லாமல் க்ளெனிஸ் கிளம்ப மாட்டாள். எழுபத்திரண்டு வயதில் இனி அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லவும் அவளுக்குத் தைரியம் இல்லை.

க்ளெனிஸ் முப்பது வருஷம் மெல்போர்ன் விமான நிலையத்தில் பயணிகளின் பையைக் கிளறி, ஒளித்துக் கொண்டுவந்த பழங்களைப் பிடித்தவள். ஆப்பிள் வைத்திருப்பவனின் காது சிவக்கும் என்பாள். ரேலினின் காதோ ஆறு வாரமாகச் சிவந்தே இருந்தது. கோர்ட்டில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கியிருக்கலாம், பெயரே பொய்யாக இருக்கலாம், மூன்று நாட்டுப் போலீஸ் இவளைத் தேடலாம், அந்த மூன்று நாடுகளும் நம் ரயில் போகிற வழியிலேயே இருக்கலாம் என்று போன வாரம் கோரலின் காதைக் கடித்தாள் க்ளெனிஸ்.

கோரலுக்கு வேறு சந்தேகம். விஷயம் வயதுதான் என்றாள். ஞாயிறு மதிய உணவுக்குப் போனால் இவர்கள் இருவரும் முதியோர் அட்டையை நீட்டிப் பாதி விலையில் சாப்பிடுவார்கள். ரேலின் மட்டும் ஒவ்வொரு தடவையும் அட்டையை வீட்டில் மறந்துவிட்டு முழுக் காசு கொடுப்பாள். இவ்வளவு மறதி எழுபதில் வராது. மேட்டில் ஆடு மாதிரி ஏறுகிறாளே என்று க்ளெனிஸ் கேட்டதற்கு, அது சொந்த முட்டியாக இருக்காது, இரண்டும் இரும்பு என்று தீர்ப்புச் சொன்னாள் கோரல். அன்று சாயங்காலத்துக்குள் ரேலினுக்கு எண்பத்து நான்கு வயது என்று இருவரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

மூவரும் பழகியது அறுபதைக் கடந்தோர் நடைக் குழுவில். மூன்று குளிர்காலத்துக்கு முன், கணவன் இறந்த மாதமே, வெள்ளைத் தலையும் வீங்கிய கண்ணுமாக வந்து வாசலில் நின்றாள் ரேலின். அவளை உட்கார வைத்து, சூப் கொடுத்து, அதிகம் கேட்காமல் விண்ணப்பத்தைத் தானே நிரப்பிக் கையெழுத்து மட்டும் வாங்கியவள் க்ளெனிஸ். அன்றிலிருந்து ஒரு வியாழக்கிழமை நடை கூட ரேலின் தவறவிட்டதில்லை.

"மணி நாலரை. பையைத் திற" என்றாள் க்ளெனிஸ்.

"என் பாஸை நானே தனியா வாங்கிக்கிறேனே."

"தனியா வாங்கினா உனக்கு இடமும் தனியா எங்கேயோ கிடைக்கும். அப்புறம் இவ பெட்டியை யாருடி தூக்குறது, வியன்னா மேயரா?"

ரேலின் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோரல் நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் போட்டு, அவள் முழங்கையைத் தொட்டாள்.

"இதோ பாரு கண்ணு. வயசெல்லாம் எங்களுக்கு ஒரு விஷயமே இல்ல. நீ எந்த வருஷம் பொறந்திருந்தாலும் எங்க ஆளுதான்."

"இவளுக்கும் அப்படித்தானா?"

"எழுதி வேணும்னாலும் தர்றேன்" என்றாள் க்ளெனிஸ். சொல்லும்போதே எண்பத்து நான்கு வயதுக்காரிக்குப் பயணக் காப்பீடு கிடைக்குமா, பெட்டியை அவள் தூக்குவாளா, அவளையே நாம் தூக்க வேண்டியிருக்குமா என்று அவள் மனசு கணக்குப் போட்டது.

பை திறந்தது. க்ளெனிஸ் பாஸ்போர்ட்டை வாங்கிப் படத்தைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள். பெயர் சரியாக இருந்தது. பிறகு தேதிக்கு வந்தாள்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி கம்பளிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தாள். விரல்விட்டு எண்ணினாள். பாஸ்போர்ட்டைக் கோரலிடம் நீட்டினாள். கோரலின் கையிலிருந்த பிஸ்கட் தேநீருக்குள் முழுகிக் கரைந்தே போனது.

ரேலின் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அறுபது ஆக இன்னும் நாலு வருஷம் இருக்கு, அதுவரைக்கும் என்னை வியாழக்கிழமை நடக்கக் கூட்டிட்டுப் போவீங்களா?"