கண்ணாடிக் கட்டடத்துக் கடை

“இது வூடு மாதிரி கீதே. கடை எங்கம்மா?”

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு மாடிப்படியில் நின்று கார்குழலியின் அப்பா ஜெயவேல் கேட்டார். அவள் கையிலிருந்த துண்டுச் சீட்டை மறுபடி பார்த்தாள். விலாசம் இதேதான்.

நாலு நாளுக்கு முன்னால், திருவொற்றியூர் பிரவுசிங் சென்டரில் அப்பாவின் கார்டு நம்பரை அடித்தது அவள்தான். அம்மா வேம்புவுக்கு வீசிங். எண்ணூர் ஆலைப் புகை எர்ணாவூர் வீட்டுப் பக்கம் திரும்பினால் போதும், மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றும் நெபுலைசர் மிஷின் ஒன்றை வீட்டிலேயே வாங்கி வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மருந்துக் கடையில் விலை எட்டவில்லை. அந்த இணையக் கடையில் பாதி விலைக்குக் கிடைத்தது.

அவளும் அவசரப்பட்டு நம்பிவிடவில்லை. பாதுகாப்பான தளம் என்று காட்டும் பூட்டுப் படம் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. கடையின் படம் என்று பத்து மாடிக் கண்ணாடிக் கட்டடம் இருந்தது. எம்.ஏ. படிக்கிற பெண்ணுக்கு அது போதுமானதாகத் தோன்றியது.

பட்டனை அழுத்தியதும் பக்கம் வெள்ளையாகி அப்படியே நின்றுவிட்டது. ஏ.டி.எம்.மில் போய்ப் பார்த்தால் பணம் மட்டும் போயிருந்தது. கடை நம்பருக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

“அந்த வெப்சைட் பேரை யார் பதிவு பண்ணாங்கன்னு பாரு, தெரியும்,” என்றான் கூடப் படிக்கிற சித்தார்த். பார்த்தாள். ரமாபாய், புளியந்தோப்பு என்று கதவு எண்ணோடு வந்தது. கண்ணாடிக் கட்டடம் என்ன, புளியந்தோப்பு என்ன.

இன்று காலைகூட அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டுதான் மூச்சு விட்டாள். இன்னொரு மிஷின் வாங்கப் பணம் கிடையாது.

“உள்ள ஆளுங்க கீளுங்க இருந்தா பேஜாரு. வாய் குடுக்காத,” என்றார் ஜெயவேல். ஹார்பரில் மூட்டை தூக்குகிற மனுஷன். அவர் குரலே உள்ளே போயிருந்தது.

கார்குழலி கதவைத் தட்டினாள். திறக்காததால் இன்னும் பலமாகத் தட்டினாள்.

நைட்டிமேல் துண்டு போட்ட ஒரு பெண் திறந்தாள். பின்னால் ஒரே அறை. கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டிகள், மேலே தூங்கும் குழந்தை, மூலையில் கம்ப்யூட்டர்.

“ரமாபாய் யாரு?”

“நாந்தான். இன்னா வோணும்?”

“கடை எங்க?”

“இதான் கடை.”

“நெட்ல பத்து மாடிக் கட்டடம் போட்டிருக்கீங்களே, அது?”

“அது எங்க கீதுன்னு எனக்கே தெரியாதும்மா. அயகா இருந்துச்சு, எடுத்துப் போட்டேன்.”

ஜெயவேல் படிக்கட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். கார்குழலிக்கு பயம் போன இடத்தில் கோபம் வந்தது.

“பொய்ப் படம் போட்டு, விலாசத்தை மறைச்சு வியாபாரம் பண்றதுக்குப் பேரு என்ன தெரியுமா?”

“மறைக்கலியே. மொதல்ல இந்த அட்ரஸத்தான் போட்டேன். நாலு மாசம், ஒரு ஆர்டர் இல்ல. இங்க ஆட்டுத்தொட்டி கீதுல்ல, ஒர்த்தரு போன் பண்ணி, ‘ஆடு வெட்ற எடத்துல மருந்து மிஷினா’ன்னு சிரிச்சாரு. அத்த எடுத்துட்டு இந்தப் படத்தப் போட்டேன். அந்த வாரமே ஏழு ஆர்டரு.”

“யாரோ சிரிச்சா நீங்களும் ஊர் பேரை மறைப்பீங்களா? நம்ம ஏரியாவைச் சொல்ல நமக்கே வெட்கம்னா அடுத்தவன் எப்படிங்க மதிப்பான்? உங்கள மாதிரி ஆளுங்களாலதான் வடசென்னைன்னாலே ஒரு மாதிரி பாக்குறாங்க.”

ரமாபாய் கட்டில் பக்கம் திரும்பிக் குனிந்தாள். “பேரு இன்னா?” என்றாள்.

“கார்குழலி. நாலு நாளா போனும் எடுக்கல.”

“புள்ளைக்கு ஜொரம். ஆஸ்பத்திரிலயே கெடந்தேன். இன்னைக்குத்தான் வந்தோம். உன்னுது நாளைக்குக் கெளம்பிருக்கும்.”

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒட்டி முடித்த பெட்டி ஒன்றை இழுத்து வைத்தாள்.

“ஓடுதா பாக்கணும்,” என்றார் ஜெயவேல். பர்மா பஜார் போலிச் சாமான்களைப் பார்த்த பழக்கம். ஓடவிட்டுப் பார்க்காமல் டார்ச் லைட்கூட வாங்கமாட்டார்.

ரமாபாய் பெட்டியைப் பிரித்து, கிண்ணத்தில் தண்ணீர் விட்டு, சுவிட்சைப் போட்டாள். மிஷின் கடகடவென்று ஓடியது. மாஸ்க்கிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. ஜெயவேல் அதைத் தன் மூக்கில் வைத்துப் பார்த்தார். மெதுவாக இழுத்தார்.

“வருதும்மா,” என்றார். கண் கலங்கியிருந்தது.

கார்குழலிக்கும் நாலு நாளாக அடைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. ஆனாலும் விடவில்லை.

“வாரண்டி?”

“அதோட கீது. ரிப்பேர்னா ஆளு வூட்டுக்கே வருவான். அதுக்கு அட்ரஸ் மட்டும் கரீட்டா இருக்கணும்.”

ரமாபாய் பெட்டிக்குள்ளிருந்து வாரண்டி அட்டையை எடுத்து, தான் நிரப்பியிருந்ததைப் படித்தாள்.

“கார்குழலி. மூணாவது அவென்யூ, அண்ணா நகர்.”

படித்துவிட்டு ஜெயவேலின் அழுக்குக் காக்கிச் சட்டையைப் பார்த்தாள்.

“அண்ணா நகரா?” ஜெயவேல் மகள் பக்கம் திரும்பினார். “நம்ம வூடு எர்ணாவூர்லல்ல கீது?”

கார்குழலி தரையைப் பார்த்தாள்.

“ஃப்ரெண்டு வீடுப்பா. எர்ணாவூர்னு போட்டா, அனுப்புவாங்களோ மாட்டாங்களோன்னு...”

ரமாபாய் அண்ணா நகரை ஒரு கோடு போட்டு அடித்தாள். பேனாவையும் அட்டையையும் கார்குழலி பக்கம் நீட்டினாள்.

“எழுதும்மா. எர்ணாவூருக்கும் வாரண்டி கீது.”